1968-இல் போட்ட கடிதம் இன்றைக்கு வந்தால்? காலம் தாண்டும் காதல் படத்தை மலையகத்தில் எழுதுவது பற்றி

கேள்வி: "அண்ணே, 'தி லேக் ஹவுஸ்' படம் பார்த்தேன். அதே போல தலவாக்கலையில் இன்றைக்கு இருக்கிற ஒரு தோட்டப் பள்ளிக்கூட டீச்சருக்கும் 1968-இல் வாழ்ந்த ஒரு பொடியனுக்கும் கடிதத்திலேயே காதல் வருவதாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். லாஜிக் இடிக்கிறது என்று கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். நம்ம மலையகத்துக்கு இப்படி ஒரு படம் ஒட்டுமா? முடிவை எப்படி வைக்கலாம்?"

பதில்:

ஒட்டும் தம்பி, நன்றாகவே ஒட்டும். கூட்டாளிமார் சிரிக்கிற இடத்தில் உங்கள் கதைக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இருப்பது 1968 என்று நீங்கள் போகிற போக்கில் போட்டிருக்கிற அந்த வருஷத்தில். அந்த வருஷத்தை எடுத்தால் அது என்னென்ன கேட்கும் என்று பார்த்தீர்களா? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லாஜிக்கை முடித்துவிடலாம்.

இந்த வகைப் படம் எதிலும் கணக்கு நேராக வந்ததில்லை. லேக் ஹவுஸ் என்பது ஒரே ஏரிக்கரை வீட்டில் இரண்டு வருஷ இடைவெளியில் இருந்த இருவர் அதன் தபால் பெட்டி வழியே கடிதம் எழுதிக்கொள்ளும் கதை. அதில் 2004-இல் இருக்கிற அலெக்ஸ், 2006-இல் இருக்கிற கேட் என்ற பெண்ணைத் தேடி வரும்போது விபத்தில் சாகிறான். செத்தது அவன்தான் என்று தெரிந்ததும், வராதே, இன்னும் இரண்டு வருஷம் பொறு என்று அவள் எழுதுகிறாள். அவன் பிழைக்கிறான். சரி, விபத்தே நடக்கவில்லை என்றால் அதைத் தடுக்கச் சொல்லி எழுத அவளுக்கு ஏது காரணம்? 1980-இல் வந்த 'சம்வேர் இன் டைம்' இதற்கும் மேலே போகும். ஒரு கிழவி 1972-இல் ஓர் இளைஞனின் கையில் பழைய கடிகாரம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போகிறாள். அவன் அதை எடுத்துக்கொண்டு 1912-க்குப் போய், அவள் இளம்பெண்ணாக இருக்கும்போது அவளிடமே விட்டுவிட்டு வருகிறான். அப்படியென்றால் அந்தக் கடிகாரத்தைச் செய்த கடைக்காரன் யார்? ஒருவரும் செய்யவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் படத்தைப் பார்த்து அழுகிறவர்கள் யாரும் அதைப் பெரிதாகக் கேட்டதில்லை.

ஏன் கேட்பதில்லை என்றால், வழி ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒடுக்கமானது என்று படம் முதலிலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறது. லேக் ஹவுஸில் தபால் பெட்டிக்குள் அடங்குவது மட்டும்தான் காலம் தாண்டும். ஆள் தாண்ட முடியாது. 'சம்வேர் இன் டைம்' படத்தில் தன் காலத்துப் பொருள் எதுவும் மேலில் இருக்கக்கூடாது. சட்டைப் பையில் 1979 என்று அச்சடித்த ஒரு சல்லிக்காசு தட்டுப்பட்டதும் எல்லாம் முடிந்தது, அவன் திரும்பி இழுபட்டு வந்து விழுகிறான். பார்க்கிறவர்கள் கேட்பது இவ்வளவுதான்: சட்டம் என்ன, நடுவில் அதை மாற்றாமல் இருப்பாயா? உங்கள் கூட்டாளிமார் சிரித்தால், சட்டத்தை இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அவர்கள் சிரித்தது நியாயம்.

தமிழ்ப் படங்களுக்கு மறுபிறவி வழி பழகிப்போனது. 1963-இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' தொடங்கி, 2015-இல் வந்த 'அநேகன்' வரை எடுத்துப் பாருங்கள். 'அநேகன்' உங்களுக்குக் கொஞ்சம் பிரயோசனப்படும். அதில் ஒரு பிறவி பர்மாவில் நடக்கிறது. 1962 இராணுவப் புரட்சிக்குப் பிறகு தமிழர்கள் கப்பலேறி ஊர் திரும்பிய காலம். நாடு விட்டுத் துரத்தப்படுவதையும் காதல் பிரிவதையும் ஒன்றாக முடிந்து காட்ட முடியும் என்பதற்கு அது உதாரணம். ஆனால் மறுபிறவியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. செத்தவன் அதே முகத்தோடு திரும்பி வந்துவிடுவதால் இழந்தது எதுவும் இழப்பாகத் தெரியாது. கடித வழி அப்படி அல்ல, அதில் ஏமாற்ற முடியாது.

அதற்குச் சாட்சி லேக் ஹவுஸின் ஓட்டல் காட்சி. (அதன் மூலப்படம் 2000-இல் கொரியாவில் வந்த 'இல் மாரே'. அந்தப் பெயரையே மரியாதைக்காக ஓட்டலுக்கு வைத்திருக்கிறார்கள்.) இருவரும் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அவளுக்கு அது நாளைக்கு. அவனுக்கோ இரண்டு வருஷம் கழித்து. மறுநாள் அவள் உடுத்திக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் வரவில்லை. அவள் காத்திருந்தது ஒரு சாயங்காலம். அவன் காத்திருக்க வேண்டியிருந்தது இரண்டு வருஷம். காத்திருப்பு இரண்டு பேருக்கும் ஒரே அளவாக இல்லாததில்தான் அந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. முத்தக் காட்சியில் இல்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

லேக் ஹவுஸ் கதைக்கு இரண்டு சாமான் வேண்டும்: இரண்டு காலத்திலும் மாறாத ஒரு வீடு, காலம் பிந்திக் கடிதம் தருகிற ஒரு தபால் பெட்டி. உலகத்தில் வேறெங்கும் இதைக் கற்பனை செய்துதான் கட்ட வேண்டும். நமக்கு ரெண்டும் கிடக்கிறது. வெள்ளைக்காரன் தொழிலாளிகளுக்கு வரிசை வீடாகக் கட்டிய லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 1968-இல் உங்கள் பொடியன் படுத்த அதே காம்பராவில் 2024-இல் உங்கள் டீச்சர் மாணவர் கொப்பி திருத்திக்கொண்டிருக்கலாம். தகரம் மாறியிருக்கும், இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து ஓர் அறை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் தபால். லயத்துக்கு வீட்டு இலக்கம் போட்ட விலாசம் கிடையாது. பெயர், தோட்டத்தின் பெயர், டவுன், முடிந்தது. தபால் பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் எது? பிந்தி வருகிற கடிதத்தை நம்பவைக்க நம்ம ஆட்களிடம் நீங்கள் மாயாஜாலம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. "ஐம்பத்தாறு வருஷம் பிந்திடிச்சி" என்று ஒரு கிழவன் சாதாரணமாகச் சொன்னால் தியேட்டரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்ளும்.

இடத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். தலவாக்கலை வேண்டாம், மஸ்கெலியாவுக்குப் போங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம் 1969-இல் வந்தது, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. டவுனை மேலே கொண்டுவந்து புதிதாகக் கட்டினார்கள். மழை பொய்த்த வருஷங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் கட்டடங்களின் மிச்சமும் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். சனம் பிள்ளைகுட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு போட்டோ பிடித்துக்கொண்டு வரும். இப்போது யோசியுங்கள்: "மஸ்கெலியா" என்று எழுதினால் 1968-இல் அது போய்ச் சேருகிற டவுன் ஒன்று, இன்றைக்குப் போய்ச் சேருகிற டவுன் வேறொன்று. விலாசம் ஒன்றுதான், ஊர் ரெண்டு. ஒரு கடிதம் தவறிப் போக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் இதிலிருந்தே பிறக்கும். தண்ணீர் இறங்கிப் பழைய டவுன் வெளியே தெரிகிற நாட்களில் மட்டும் கடிதம் போகும், வரும். அவன் பக்கம் அணை எழும்பிக்கொண்டிருக்கிறது, கடைக்காரர்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறார்கள். அவள் பக்கம் எந்த நாளும் மழை பிடிக்கலாம். ரெண்டு பக்கமும் தண்ணீர்தான் கடிகாரம். வில்லன் வேண்டாம், வில்லனின் அடியாட்கள் வேண்டாம், காசும் மிச்சம்.

வெயில் காய்ந்து நீர் இறங்குகிற மாசி பங்குனியில்தான் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மாசி அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றி, தப்படித்து, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி லயம் லயமாக ஆடிப் போவார்கள். ரதிக்கும் ஆண்தான் வேஷம் கட்டுவார். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன் எரிந்து சாம்பலாவான், ரதி ஒப்பாரி வைப்பாள். கடைசியில் சிவன் இரங்குவார், ஆனால் நிபந்தனையோடு: காமன் எழும்புவான், ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், வேறு யாருக்கும் தெரியமாட்டான். உங்கள் டீச்சரின் நிலைமை இதுவேதான். அவளுக்கு மட்டும் தெரிகிற ஒருவன். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகை லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று ரெண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டிலேயே சண்டை பிடிப்பார்கள். காலம் தாண்டும் படங்களைப் பற்றிய லாஜிக் சண்டை நமக்குப் புதிதல்ல என்று உங்கள் கூட்டாளிமாருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூத்தைப் பாட்டுக்குப் பின்னணியாக மட்டும் பயன்படுத்தி வீணாக்கிவிடாதீர்கள். முழுக் கூத்தையும் காட்டவும் வேண்டாம், அந்த எழுப்புதலை மட்டும் காட்டினால் போதும்.

இப்போது 1968. தீயோடு விளையாடுகிறீர்கள் என்று நினைத்தது இங்கேதான்.

1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் அங்கே போனால் இங்கே நாலு பேருக்குக் குடியுரிமை, அதுதான் விகிதம். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது 1967-இல். ஆக 1968 என்பது லயத்துக்கு லயம் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்த காலம். இலங்கை என்று எழுதுவதா, இந்தியா என்று எழுதுவதா என்று புருஷன் பெண்சாதிக்குள்ளேயே வாய்த்தர்க்கம். அண்ணன் ஒரு பக்கம் எழுத, தம்பி மறுபக்கம் எழுதினான். உங்கள் பொடியனின் வீட்டில் டவுன் தண்ணீரில் மூழ்கப்போவதும் தெரியும், பாரம் வந்து கிடப்பதும் தெரியும். அந்த நேரத்தில் எதிர்காலத்திலிருந்து ஒரு பெண் அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவன் என்ன கேட்பான்? "உங்கள் கண் என்ன நிறம்?" என்றா?

அவன் கேட்பது இதுதான்: "அப்பா இந்தியாவுக்கு எழுதப் போகிறார். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போகலாமா, இருக்கலாமா?"

லேக் ஹவுஸின் கேட் பதில் தெரிந்தவள். பொறு என்று எழுதினால் அவன் பிழைப்பான். உங்கள் டீச்சருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவளைக் குழப்பத்தான் உதவும். இருந்தால் என்ன ஆகும்? 1973, 74-இல் தோட்டங்களில் பட்டினி. பிறகு 77, 81, 83 என்று இனக்கலவரங்களில் அடுத்தடுத்து அடி. வன்னிக்கு ஓடிய குடும்பங்கள். முழுப் பேருக்கும் குடியுரிமைக் கதவு திறக்க 2003 வரை போனது. போனால் என்ன ஆகும்? ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம். அதிர்ஷ்டம் இருந்தால் நீலகிரியில் அரசாங்கம் தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்துக் கூடை. இல்லையென்றால் கொடைக்கானல் காட்டில் மரம் வெட்டக் கொத்தடிமை. இங்கே இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே போனதும் சிலோன்காரன். எந்த வரியை அவள் எழுதுவாள்?

இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் படம் முழுக்கச் சுற்ற வேண்டும். மற்றக் காட்சிகள் எல்லாம் இதற்குக் கூலி.

என்னைக் கேட்டால் அவள் "இருங்கள்" என்று எழுத வேண்டும், அதுவும் சுயநலத்தில் எழுத வேண்டும். அவன் போய்விட்டால் 2024-இல் அவன் இந்த மலையில் இருக்கமாட்டான். இருந்தால் எங்கேயாவது இருப்பான் என்கிற ஆசை. நியாயமான காரணம் பத்தை அவள் பட்டியல் போட்டுவிட்டு, எழுதாத பதினோராவதற்காக எழுதுகிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். காதல் படத்தில் காதலி எப்போதும் சரியானதையே செய்தால் அது ஆலோசனைக் கூட்டமாகப் போய்விடும்.

அவன் 1968-இல் இருபது வயது என்றால் 2024-இல் எழுபத்தாறு. லேக் ஹவுஸின் இரண்டு வருஷத்தை முடியில் கொஞ்சம் நரை போட்டுச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது. அதனால் முடிவில் முத்தம் கித்தம் பேச்சே வேண்டாம். கேட்ட முடிவுக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அவன் இருந்துவிட்டான். அப்படியானால் அவள் சிறு வயதிலிருந்து தினமும் பார்த்து வந்த யாரோ ஒரு தாத்தா அவன். அவருக்கு எல்லாம் தெரியும், இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. இது சுலபமாக அழவைக்கும், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ரெண்டாவது, அவள் இரு என்று எழுதிய கடிதம் தண்ணீருக்கு முந்தாமல் போய், அவன் கப்பலேறிவிட்டான். தலைமன்னார்க் கப்பல் 1984-இல் நின்றது. ஆனால் 2023-இல் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவள் வடக்கே போய், அந்தக் கப்பலேறி, நீலகிரியில் கூடலூரோ கோத்தகிரியோ தேடிப் போகலாம். இரண்டாவது எனக்குப் பிடிக்கும். அவனைச் சொந்தத் தாத்தாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அந்தத் திருப்பத்தை டிக்கட் கவுண்டரிலேயே சனம் கண்டுபிடித்துவிடும்.

காதல் எப்படி வளரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கவிதை எழுதவைக்காதீர்கள். அவன் முதலில் கேட்கப்போவது சம்பளம். "உங்கள் காலத்தில் பேர் ஒன்றுக்கு (ஒரு நாள் வேலைக்கு) எவ்வளவு?" 2024-இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று அவள் எழுதுவாள். சில ரூபாய்க்கு நாள் முழுக்க மலையில் நிற்கிறவன் அவன். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் துரைமார் ஆகிவிட்டார்கள் என்று இரண்டு நாள் லயமெல்லாம் கனவு கண்டுகொண்டு திரிவான். பிறகு புத்தி வந்து, "கோதுமை மா றாத்தல் என்ன விலை?" என்று எழுதுவான். அவள் பதில் எழுதப் பிந்துவாள். இந்த ஒரு காட்சி நூறு 'உயிரே'க்குச் சமம். அதேபோல அவன் கடிதம் அந்தக் காலத்து மரியாதையோடு "நான் நலம், தங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்கும். அவள் வாட்ஸ்அப் கை, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிடுவாள். நாலாவது கடிதத்தில் அவளும் நலம் விசாரித்துத் தொடங்குகிறாள் என்றால் காதல் வந்துவிட்டது என்று அர்த்தம், வசனம் தேவையில்லை.

இன்னொன்று. அன்றைக்குத் தோட்டத்தில் எழுதத் தெரியாதவர்கள் ஏராளம். கணக்கப்பிள்ளையோ வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். உங்கள் பொடியனும் சொல்லச் சொல்ல வாத்தியார்தான் எழுதுகிறார் என்றால், அவள் விரும்புவது யாருடைய வார்த்தையை? இது தனிப்படம். இப்போதைக்கு அவனை அஞ்சாம் வகுப்பு படித்தவனாக்கிவிட்டு நகருங்கள்.

படப்பிடிப்புக்குப் போனால் கண்ணை உறுத்தப்போகிற சிலது: வீ.பீ. தேயிலை (விதையில்லாமல் கிளைத் துண்டிலிருந்து வளர்ப்பது) பரவலாக நட்டது 1960-களில் தொடங்கித்தான். ஒரே உயரம், ஒரே நிறமாக வரிசை பிடித்து நிற்கிற மலையை 1968 என்று காட்டினால் வயதான கங்காணி ஒருவர் போதும், உங்களைக் கிழித்துவிடுவார். விதைத் தேயிலை செடிக்குச் செடி வேறு நிறமாக நிற்கும், அப்படிப்பட்ட பழைய மலையைத் தேடிப் பிடியுங்கள். 1972-க்கு முந்திய தபால் முத்திரையில் ஆங்கிலத்தில் சிலோன் என்றிருக்கும். ஆனால் தமிழில் அப்போதும் இப்போதும் இலங்கைதான், ஆகவே டீச்சர் முதல் பார்வையில் கவனிக்காமல் விடுவது நம்பும்படியாகவே இருக்கும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது மஸ்கெலியாவிலிருந்து எங்கேயோ இருக்கிறது, போதாததற்குக் கல்யாண ஆல்பக்காரர்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள். பாட்டு வேண்டுமென்றால் இலங்கை வானொலி போதும். 1963-இல் வந்த ஒரு பாட்டு அவன் பக்கம் ரேடியோவில் கரகரக்க, அவள் பக்கம் போனில் துல்லியமாக ஓடலாம்.

முழுநீளப் படமா குறும்படமா என்றால், முதலில் முப்பது நிமிஷத்துக்கு எழுதுங்கள். பட்ஜெட்டில் 1968 டவுனைக் கட்டவே முடியாது, கட்டவும் வேண்டாம். அவனை லயத்துக்குள்ளும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் வைத்தே எடுக்கலாம். மூழ்கிய டவுனைத் தண்ணீர் இறங்கியபோது அவள் பக்கத்திலிருந்து காட்டினால் போதும். அது மழையைப் பொறுத்தது, எல்லா வருஷமும் தெரியாது. ஆகவே தைக்குள் வசனம் கையில் இருக்கட்டும், நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிப் படம்பிடிக்க அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். அந்தக் கடிதமாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.